சென்னை ஹாஸ்டல் அறைக்குச் சின்ன ஃப்ரிட்ஜ்: எதை வாங்குவது?

திண்டுக்கல் அம்மா · ஜூன் 9, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்குச் சென்னையில் பி.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. தாம்பரம் பக்கம் ஒரு தனியார் ஹாஸ்டலில் சேர்க்கிறோம். இரண்டு பேர் தங்கும் அறை, ஏ.சி. கிடையாது, மூன்றாவது மாடி, லிஃப்டும் இல்லை. அறையில் சின்ன ஃப்ரிட்ஜ் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தனி மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 12 ரூபாய் வாங்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டடி இடம் இருக்கிறது.

ஆன்லைனில் 10 லிட்டர் பெட்டி ஒன்று நாலாயிரத்துக்குள் வருகிறது. கையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். 50 லிட்டர் என்றால் பத்தாயிரத்தை ஒட்டி ஆகிறது. பால், தயிர், பழம் வைக்கத்தான். எதை வாங்கலாம்? சென்னையில் ஹாஸ்டலில் இருந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

போத்தேரி மாணவி · ஜூன் 9, இரவு 9.51

ஆன்ட்டி, அந்த 10 லிட்டர் பெட்டி மட்டும் வேண்டாம். முதல் வருடம் நான் அதைத்தான் வாங்கினேன். டிசம்பரில் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. ஏப்ரல் பாதி தாண்டியதும் ஆவின் பச்சைப் பாக்கெட்டைக் காலையில் உள்ளே வைத்தால், சாயங்காலம் காய்ச்சும்போது திரிந்துவிடும். பெட்டியைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், பாலைத் தொட்டால் அப்படி இருக்காது. அடியில் தண்ணீர் வேறு தேங்கும். தினமும் துணியால் துடைத்து வைப்பேன். ஃபேன் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும், பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குத் தூக்கம் வராது.

அம்பத்தூர் மெக்கானிக் · ஜூன் 9, இரவு 10.34

இந்தப் பாப்பா சொல்வது சரி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குட்டிப் பெட்டிகளில் கம்ப்ரஸர் கிடையாது. பெல்டியர் சில்லு என்று ஒன்று இருக்கும். மின்சாரம் கொடுத்தால் அதன் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும். 1834-லேயே கண்டுபிடித்த விஷயம்தான். ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. வெளியே இருக்கும் சூட்டிலிருந்து 15 முதல் 20 டிகிரி வரைதான் இறக்கும். பெரும்பாலான பெட்டிகளின் அட்டையிலேயே இதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கத்திரி வெயிலில் மூன்றாவது மாடி அறை, மேலே மொட்டை மாடி என்றால் அறைக்குள்ளேயே 38 இருக்கும். அப்போது பெட்டிக்குள் 18 முதல் 23 வரை இருக்கும். பால் கெடாமல் இருக்க 5 டிகிரிக்குக் கீழே வேண்டும்.

கரண்டும் மிச்சமாகாது. 45 வாட் சில்லு நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, மாதம் 32 யூனிட். அம்மா சொன்ன 12 ரூபாய்க் கணக்கில் மாதம் 390 வரும். கம்ப்ரஸர் வைத்த 50 லிட்டர் ஃப்ரிட்ஜின் லேபிளில் வருடத்துக்கு 150 யூனிட் என்று இருந்தால் மாதம் 150 ரூபாய்தான். கம்ப்ரஸர் குளிர்ந்ததும் நின்றுவிடும், சில்லு அப்படி நிற்காது.

கடையில் மின்சார லேபிளில் உள்ள நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த லேபிளிலேயே வருடத்துக்கு எத்தனை யூனிட் என்ற எண் இருக்கும். அதைப் பார்த்து 12-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், மாதக் கணக்கு வந்துவிடும். சின்ன ஃப்ரிட்ஜ் என்றால் கரண்ட் குறைவு என்று நினைப்பார்கள். பல நேரம் நல்ல நட்சத்திரம் உள்ள 180 லிட்டருக்கும் சுமாரான 50 லிட்டருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஒன்று கேட்க வேண்டும் அம்மா. பால், தயிர், பழம் தவிர வேறு ஏதாவது வைக்க வேண்டியிருக்கிறதா? என்ன வைக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்துதான் என்ன வாங்குவது என்று சொல்ல முடியும்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசி · ஜூன் 9, இரவு 11.15

பால், தயிருக்கு மட்டும் என்றால் ஃப்ரிட்ஜே தேவையில்லை என்பது என் கருத்து. ஆறு வருடமாக மேன்ஷனில் இருக்கிறேன். தெருமுனைக் கடையில் தயிர் 10 ரூபாய்க்குக் கிடைக்கிறது, வேண்டும்போது வாங்கிச் சாப்பிட்டுவிடுவேன். தண்ணீருக்கு மண்பானை. ஆனால் ஒன்று, எங்கள் பக்கம் கடற்காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதால் பானை ஊரில் குளிர்கிற அளவுக்கு இங்கே குளிராது. திண்டுக்கல் பானைக் குளிர்ச்சியை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள்.

நான் தினமும் ஐஸ் ஹவுஸ் வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கும் அந்தக் கட்டடம், 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியைச் சேமிக்கக் கட்டியது. ஏரியில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளில் புதைத்து, பாஸ்டனிலிருந்து இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். இந்த ஊர் வெயிலுக்கு எதையாவது குளிர்ச்சியாக வைப்பது அன்றைக்கும் பெரும்பாடுதான்.

போத்தேரி மாணவி · ஜூன் 9, இரவு 11.22

அண்ணா, லேடீஸ் ஹாஸ்டலில் ராத்திரி எட்டரைக்கு மேல் கேட்டைத் தாண்ட முடியாது. தெருமுனைக் கடை எங்களுக்கு உதவாது.

திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசி · ஜூன் 9, இரவு 11.30

உண்மைதான் தங்கச்சி. அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

திண்டுக்கல் அம்மா · ஜூன் 10, காலை 6.05

மெக்கானிக் தம்பி கேட்டதற்குப் பதில் சொல்ல ராத்திரி முழுக்க யோசித்தேன். பொது இடத்தில் எழுதத் தயக்கமாக இருந்தது. எழுதிவிடுகிறேன்.

என் மகளுக்குப் பதினோரு வயதிலிருந்து சர்க்கரை. டைப் 1. நாளுக்கு நாலு ஊசி. பால், தயிர் கெட்டால் கொட்டிவிட்டு வேறு வாங்கலாம். இன்சுலின் கெட்டால் பார்வைக்குத் தெரியாது. வீட்டில் ஃப்ரிட்ஜில் இரண்டாவது தட்டில் ஒரு டப்பாவில் வைத்திருப்பேன், அந்த டப்பாவை வேறு யாரும் தொட மாட்டார்கள். இப்போது அது அவள் பொறுப்பு. ஹாஸ்டலில் கீழே பொது ஃப்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது. முப்பது பேர் திறந்து மூடுவார்கள், அதில் வைக்க அவளுக்கும் விருப்பமில்லை, எனக்கும் மனம் வரவில்லை. அதனால்தான் அறைக்குள் வேண்டும் என்று பார்க்கிறோம்.

அம்பத்தூர் மெக்கானிக் · ஜூன் 10, காலை 7.40

சொன்னது நல்லதாகப் போயிற்று அம்மா. இனி பேச்சே வேறு. உங்களுக்குச் சில்லுப் பெட்டி கூடவே கூடாது. 50 லிட்டர் கனசதுரப் பெட்டியையும் நான் சொல்ல மாட்டேன்.

காரணம் இதுதான். 50 லிட்டர் பெட்டியில் மேலே ஒரு ஓரத்தில் குட்டி ஐஸ் தட்டு இருக்கும். அந்தத் தட்டுதான் முழு ஃப்ரிட்ஜையும் குளிர வைக்கிறது. தெர்மோஸ்டாட் அந்தத் தட்டின் குளிரைப் பார்த்துத்தான் கம்ப்ரஸரை நிறுத்தும், தெர்மோஸ்டாட்டுக்கு நடுத்தட்டில் இருக்கும் மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பெட்டி சின்னது என்பதால் தட்டுக்கும் மருந்துக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது. வெயில் காலத்தில் 4-ல் வைத்த தெர்மோஸ்டாட் திருகைப் பிள்ளைகள் மழைக்காலம் வந்தும் அப்படியே விட்டுவிடுவார்கள். அப்போது மேல்பக்கம் வைத்த தண்ணீர் பாட்டில் உறைந்து கிடப்பதை எத்தனையோ அறையில் பார்த்திருக்கிறேன். திருகில் இருக்கும் 1, 2, 3 எல்லாம் டிகிரி இல்லை, எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான்.

90, 100 லிட்டர் ஒற்றைக் கதவு பாருங்கள். உயரம் இடுப்பளவு வரும், அகலம் இரண்டடிக்குள் அடங்கும். அதில் ஐஸ் அறைக்குத் தனி மூடி இருக்கும். கீழ்த்தட்டு ஐஸ் அறையிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கும். அந்தத் தூரத்துக்காகத்தான் இதைச் சொல்கிறேன், கூடுதல் லிட்டருக்காக இல்லை.

கடையில் பின்பக்கத்து ஸ்டிக்கரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கிளைமேட் கிளாஸ் என்ற இடத்தில் என், எஸ்டி, டி என்று ஆங்கில எழுத்து போட்டிருக்கும். என் என்றால் சுற்றியிருக்கும் சூடு 32 டிகிரி வரை, எஸ்டி என்றால் 38 வரை, டி என்றால் 43 வரை தாங்கும் என்று அர்த்தம். சென்னைக்கு டி. இந்த ஊரில் 2003 மே கடைசியில் 45 டிகிரி அடித்தது நினைவிருக்கும். கடைப் பையன்களில் பாதிப் பேருக்கு இந்த எழுத்து என்னவென்று தெரியாது, நீங்களே பாருங்கள்.

மருந்துக்கடை அனுபவம் · ஜூன் 10, காலை 9.15

இருபது வருடமாக மருந்துக்கடையில் இருக்கிறேன். அம்மா பயப்பட வேண்டாம், சில விஷயங்கள் தெரிந்திருந்தால் போதும்.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. திறந்து ஊசி போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் பேனாவை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலான வகைகள் வெளியே நாலு வாரம் வரை தாங்கும், ஆனால் சூடு 25 அல்லது 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. எது என்பது மருந்துக்கு மருந்து மாறும், அட்டைக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். ஏ.சி. இல்லாத சென்னை அறையில் வருடத்தில் பல மாதம் 30-ஐத் தாண்டும் என்பதால், அந்தப் பேனாவையும் அவள் ஃப்ரிட்ஜில் வைப்பதா, மண்பானைத் தண்ணீருக்குள் டப்பாவில் மிதக்க விடுவதா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுகளுக்குப் பானையை டாக்டர்களே சொல்வது உண்டு.

சூட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், உறைவதைப் பற்றித்தான் தெரியாது. ஒரு தடவை உறைந்த இன்சுலினை, உருகி முன்போலத் தெளிவாகத் தெரிந்தாலும், போடக் கூடாது. தூக்கிப் போட வேண்டியதுதான். இதை மகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் தட்டில் வைத்தால் உறையாது. நான் எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

அம்பத்தூர் மெக்கானிக் · ஜூன் 10, காலை 9.50

சார், வீட்டுப் பெரிய ஃப்ரிட்ஜுக்குக் கதவு சரி. ஹாஸ்டல் அறையில் இரண்டு பெண்கள் தண்ணீருக்காக நாள் முழுக்கத் திறந்து மூடுவார்கள், கதவுத் தட்டு ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து வெயில் காற்றைக் குடித்துவிட்டுப் போகும். கீழ்த்தட்டில், பின்சுவரில் ஒட்டாமல், பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைப்பதுதான் நல்லது.

மருந்துக்கடை அனுபவம் · ஜூன் 10, காலை 10.20

ஒத்துக்கொள்கிறேன், அறைக்கு அறை மாறும். நாமே வாதாடிக்கொண்டிருப்பதைவிட அளந்து பார்த்துவிடலாம். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வயரோடு வரும். முனையை மருந்து டப்பாவுக்குள் போட்டு, திரையை வெளியே கதவில் ஒட்டிவிடலாம். முதல் வாரம் கதவில் மூன்று நாள், கீழ்த்தட்டில் மூன்று நாள் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

முன்னாள் வார்டன் · ஜூன் 10, மதியம் 1.10

பன்னிரண்டு வருடம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தேன். அம்மாவுக்கு என் தரப்பிலிருந்து ஒன்று.

வாயால் வாங்கிய அனுமதி போதாது. டாக்டர் கடிதத்தின் நகலோடு, அறை எண் போட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, அலுவலக முத்திரையோடு ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வார்டன் மாறுவார், நிர்வாகம் மாறும். விடுமுறையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் வழக்கமும் பல விடுதிகளில் உண்டு. அறையில் மருந்து இருக்கிறது என்று எழுத்தில் இருந்தால் அதைச் செய்வதற்கு முன்னால் ஒரு போன் வரும்.

எங்கள் கவலை கரண்டைப் பற்றித்தான் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். ஃப்ரிட்ஜ் ஓடும்போது 70, 80 வாட்தான் எடுக்கும், எலெக்ட்ரிக் கெட்டில் 1500 எடுக்கும். நாங்கள் பயந்தது ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கெட்டில், அயர்ன் பாக்ஸ், ஃப்ரிட்ஜ் மூன்றையும் சொருகுவதற்கு. ஒரு தடவை அப்படி உருகிய பெட்டியை என் கையாலேயே பிடுங்கியிருக்கிறேன். அந்தக் கருகிய வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் நேராகச் சுவர் பிளக்கில், எர்த் உள்ள மூன்று முள் பிளக்கில்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. அறைத்தோழியிடம் முதல் நாளே சொல்லிவிடச் சொல்லுங்கள். மறைத்து வைத்த பெண்கள்தான் அதிகம் சிரமப்பட்டார்கள். சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் அந்த ராத்திரியில் பக்கத்தில் இருக்கப்போவது அந்தப் பெண்தான்.

திண்டுக்கல் அம்மா · ஜூன் 10, மதியம் 1.42

கடைசியில் எழுதியதைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன் மேடம். இன்றைக்கே பேசுகிறேன்.

வேளச்சேரி கீழ்த்தளம் · ஜூன் 10, மாலை 5.30

கரண்ட் போனால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜே தண்ணீரில் நின்றது. மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் வராது, ஆனால் கரண்ட் எல்லோருக்கும் போகும்.

திறக்காமல் வைத்திருந்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். காலி ஃப்ரிட்ஜில் அவ்வளவு நேரம்கூட நிற்காது. அதனால் காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி வைத்துவிடுங்கள். ஐஸ் அறையில் இரண்டு ஐஸ் பேக் எப்போதும் உறைந்து இருக்கட்டும். கரண்ட் போய் நேரமானால் ஒரு தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பேக், மேலே மடித்த துண்டு, அதற்கும் மேலே மருந்து. ஐஸ் நேராக மருந்தைத் தொடக் கூடாது. என் அப்பாவின் மருந்தை அந்த நாலு நாளில் முதல் ஒன்றரை நாள் அப்படித்தான் காப்பாற்றினோம். அப்புறம் ஐஸ் உருகிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த ஒரு மருந்துக்கடையில் கொடுத்து வைத்தோம். கேட்டதும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒரு ரூபாய் வாங்கவில்லை.

போத்தேரி மாணவி · ஜூன் 10, இரவு 8.05

ஆன்ட்டி, ஐஸ் அறையில் பனி சேரும். கடலுக்குப் பக்கத்து ஊர் என்பதால் சீக்கிரமே சேரும். அதைக் கத்தியால் கொத்த விடாதீர்கள். என் இரண்டாவது ஃப்ரிட்ஜை அப்படித்தான் இழந்தேன். செமஸ்டர் முடிந்து ஊருக்குக் கிளம்பும் அவசரம். காய் வெட்டும் கத்தியின் நுனியை விட்டு நெம்பினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்பா மாதாமாதம் தவணை கட்டி வாங்கிக் கொடுத்தது அது. இப்போதும் அந்தச் சத்தத்தை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அம்பத்தூர் மெக்கானிக் · ஜூன் 10, இரவு 9.25

அலுமினியத் தட்டில் ஓட்டை விழுந்தால் ஒட்டிக் கேஸ் ஏற்றலாம். ஆனால் சின்ன ஃப்ரிட்ஜுக்கு அந்தச் செலவு கட்டாது. பனி அரை விரல் தடிமன் சேர்ந்ததும் அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்தால் அரை மணி நேரத்தில் தானாக விழும். அந்த நேரத்துக்கு மருந்தை ஐஸ் பேக் பெட்டிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இப்போது வருகிற ஃப்ரிட்ஜ்களில் இருப்பது எரியும் வாயு, அளவு சில பத்து கிராம்தான், பயமில்லை. என்றாலும் பக்கத்தில் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி வேண்டாம்.

கொண்டுபோகும்போது குட்டி யானையில் நிற்க வைத்தே கொண்டு போங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். மாடிப்படியில் சாய்க்காமல் முடியாது. அதனால் மேலே ஏற்றி நிமிர்த்தி வைத்து, நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் சுவிட்ச் போட வேண்டும். பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். இந்த அளவு ஃப்ரிட்ஜ்களில் பக்கச் சுவர்தான் சூட்டை வெளியே தள்ளும். தொட்டால் சுடுகிறது என்று பயப்படவும் வேண்டாம், அதன் மேல் ஈரத் துண்டைக் காயப் போடவும் வேண்டாம்.

திண்டுக்கல் அம்மா · ஜூன் 27, இரவு 8.30

உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். தாம்பரத்திலேயே ஒரு கடையில் 95 லிட்டர் வாங்கினோம். ஸ்டிக்கரில் டி என்று இருந்தது. லேபிளில் வருடத்துக்கு 160 யூனிட்டை ஒட்டி. மூன்று மாடி ஏற்ற இரண்டு பேர் 600 ரூபாய் வாங்கினார்கள், மதியம் ஒரு மணிக்கு ஏற்றினார்கள், சாயங்காலம் ஆறு வரை நானும் மகளும் சுவிட்ச் போடாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அறைத்தோழி விழுப்புரத்துப் பெண். மகள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் தெர்மாமீட்டரைத் தன் பக்கம் பார்த்த மாதிரி ஒட்டச் சொல்லியிருக்கிறாள், படிக்கும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று.

முதல் நாள் திருகு 4-ல் இருந்தது. ஐஸ் அறைக்கு அடுத்த மேல்தட்டில் ராத்திரி −1 வரை போயிருக்கிறது. அப்போது மருந்தை உள்ளே வைக்கவில்லை, வெறும் தண்ணீர் டப்பாதான். 2-க்கு மாற்றிக் கதவில் மூன்று நாள்: 5 முதல் 11. கீழ்த்தட்டில் மூன்று நாள்: 4 முதல் 7. போட்டோ எடுத்துத் தினமும் அனுப்பினாள். நேற்றுதான் மருந்தைக் கீழ்த்தட்டில் வைத்தாள்.

மருந்துக்கடை அனுபவம் · ஜூன் 27, இரவு 8.48

கீழ்த்தட்டுதான். மெக்கானிக் சொன்னது சரி. இனி என் கடைக்கு வரும் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இப்படியே சொல்கிறேன்.

திண்டுக்கல் அம்மா · ஜூன் 27, இரவு 9.02

ஒரே ஒரு சந்தேகம் தம்பி. தீபாவளிக்கு ஒரு வாரம் ஊருக்கு வருவாள். ஃப்ரிட்ஜை ஓட விட்டுவிட்டு வரலாமா?

அம்பத்தூர் மெக்கானிக் · ஜூன் 27, இரவு 9.20

வேண்டாம் அம்மா. மருந்தை ஐஸ் பெட்டியில் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள். மற்றதை எல்லாம் காலி செய்து, அணைத்து, உள்ளே உலர்ந்த துணியால் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டு வரட்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் ரப்பரில் பூஞ்சை பிடித்துவிடும். திரும்பிப் போனதும் சுவிட்ச் போட்டு, தெர்மாமீட்டர் 8-க்குக் கீழே இறங்கின பிறகு மருந்தை உள்ளே வைக்கட்டும்.